ஈனும் பருவத்தில் காவல் நாய்க்கு உரிய தூரம்

காவல் நாய்களோடு ஆடு வளர்க்கும் பண்ணையில், குட்டி போடும் பருவம் நெருங்கும்போது என் மனத்தை அதிகம் ஆக்கிரமிக்கும் கேள்வி ஒன்றே: எந்த நாய், எந்தத் தாய் ஆட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கலாம்? கொட்டகையைச் சுத்தம் செய்வதும், உலர்ந்த வைக்கோல் பரப்புவதும், அயோடின் கரைசலையும் துணிகளையும் எடுத்துவைப்பதும் பழகிவிட்ட வேலைகள். நாயின் இடத்தைத் தீர்மானிப்பது மட்டும் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக யோசிக்க வேண்டியதாகவே இருக்கிறது.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள் என்பதால், கடாவோடு சேர்ந்த தேதியைக் குறித்து வைத்திருந்தால் எது எந்த வாரத்தில் ஈனும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இறுதி நாட்களில் வாலடியின் இருபுறமும் உள்ள தசைநார்கள் தளர்ந்து குழி விழும். மடி இறுகிப் பளபளக்கும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி, முன்னங்காலால் தரையைக் கீறும். அனுபவமுள்ள காவல் நாய் இந்த ஒதுங்குதலை உடனே கவனித்துவிடுகிறது. அது ஆட்டை நெருங்குவதில்லை. சற்றுத் தள்ளி, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்கிறது. பனிக்குட நீரின் வாடையும் நஞ்சுக்கொடியின் வாடையும் வேட்டை விலங்குகளை வரவழைக்கும் என்பதால், அந்த இரவுகளில் அது அதிகமாகக் குரைக்கும். எல்லையைச் சுற்றி வந்து சிறுநீரால் அடையாளமிடும். சண்டையிடும் நிலை வராமலேயே எதிரியை விலக்கி வைப்பதுதான் இந்த நாய்களின் பெரும்பகுதி வேலை. கங்கால், மரெம்மா, கிரேட் பைரனீஸ் போன்ற இனங்கள் மேய்ப்பு நாய்களைப் போல ஆடுகளை ஓட்டுவதில்லை. மந்தைக்குள்ளேயே வாழ்ந்து காப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

ஆனால் இனம் மட்டும் போதாது. இந்த நாய்கள் முழுமையாகப் பக்குவப்பட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வயதை ஒட்டிய இளம் நாய்க்கு, தள்ளாடி நடக்கும் ஆட்டுக்குட்டி ஒரு விளையாட்டுத் துணை. அது துரத்தும், காதைக் கடிக்கும், பாதத்தால் அமுக்கும். அதில் பகை எதுவும் இல்லை என்றாலும் குட்டியின் உயிருக்கு அது ஆபத்துதான். அதைவிட நான் அதிகம் அஞ்சுவது அன்பு மிகுந்த இளம் பெண் நாயை. ஈன்ற தாய் ஆடு தன் குட்டியை நக்கி, அதன் வாசனையை மனத்தில் பதித்துக்கொள்ளும் முதல் ஒரு மணி நேரத்தில், நாய் முந்திக்கொண்டு குட்டியை நக்கிச் சுத்தம் செய்துவிட்டால், தாய் அந்தக் குட்டியைச் சேர்த்துக்கொள்ளாமல் முட்டி விரட்டக்கூடும். ஆகவே அந்த ஒரு மணி நேரம் தாய்க்கே உரியது என்பதில் நான் சற்றும் விட்டுக்கொடுப்பதில்லை. மூக்கைச் சூழ்ந்த சவ்வை அகற்றவோ, சிக்கிய குட்டியை வெளியே எடுக்கவோ தேவை வந்தாலொழிய, நானும் விலகியே நிற்கிறேன்.

சீம்பாலும் இதோடு பிணைந்த விஷயம். நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. தாய் ஒதுக்கிய குட்டிக்கு அந்த நேரம்தான் முதலில் பறிபோகிறது. மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் சுமார் 300 மில்லி சீம்பால் தேவை. கறந்து புட்டியில் கொடுக்கலாம் என்றாலும், உடல் குளிர்ந்துபோன குட்டியை முதலில் சூடேற்றிய பிறகே ஊட்ட வேண்டும்.

நஞ்சுக்கொடியை நாய்க்கு விட்டுவிடுவதே இயற்கை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருச்சிதைவை உண்டாக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி, நோயுற்ற விலங்கின் திசுக்களை உண்ணும் நாயின் உடலில் பெருகி, அதன் மலத்தின் வழியே மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பக்கூடும். எனவே கையுறை அணிந்து அதை அகற்றி ஆழமாகப் புதைத்துவிடுகிறோம். கருவுற்ற பெண்கள் இந்த வேலைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறோம்.

நாயின் உணவுத் தட்டும் கவனத்துக்கு உரியது. எவ்வளவு சாதுவான நாயும் தன் தட்டில் வாய் வைக்கும் குட்டியைக் கடித்துவிடலாம். அதனால் குட்டிகள் நுழைய முடியாத தனித் தடுப்புக்குள்தான் நாய்களுக்கு உணவு வைக்கிறோம்.

இளம் நாயை ஈனும் பருவத்தில் முற்றிலும் ஒதுக்கி வைப்பதையும் நான் ஏற்பதில்லை, ஏனெனில் பார்க்காமல் அது எதையும் கற்காது. தாய்க்கும் குட்டிக்கும் இடையே பிணைப்பு உறுதியான பிறகு, கயிற்றில் பிடித்தபடி, நாயை முட்டித் தள்ளத் தயங்காத முதிர்ந்த தாய் ஆடுகளின் நடுவே அதை அழைத்துச் செல்கிறேன். தலையைத் தாழ்த்திப் பார்வையை விலக்கிக்கொள்ளும் நாய்க்கு அடுத்த முறை இன்னும் சற்று நேரம் கூடக் கிடைக்கும். துள்ளும் நாய் மீண்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போகும்.