கஞ்சி போடாத கோட்டு

காலை ஆறே முக்காலுக்கு நம் நர்சிங் ஹாஸ்டல் வாசலில் நிற்கும் வரிசை, என்னோடு படித்த உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. கொண்டை வலையை மீறி ஒரு முடி நீட்டக்கூடாது. வளையல், கொலுசு, மருதாணி இல்லையா, விநாடி முள் உள்ள வாட்ச், ஷூ பாலிஷ் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் வார்டு. கடலூர் முதுநகரில் தினமும் ஒரு முழம் மல்லி வைத்துப் பழகிய எனக்கு, வெறும் கொண்டையோடு புதுச்சேரியில் நின்ற முதல் நாள் அழுகையே வந்துவிட்டது.

நகம் பார்க்க டியூட்டர் மேடத்துக்குத் தனி முறை உண்டு. உள்ளங்கை அவர் பக்கம் இருக்க வேண்டும். விரல் நுனிக்கு மேல் நகம் எட்டிப் பார்த்தால் அறைக்குத் திரும்பி வெட்டிக்கொண்டு வர வேண்டும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கோபமாக இருக்கும். இரண்டாம் வருடம் பிரசவ வார்டு போஸ்டிங்கில், வரிசை கலைந்ததும் பெரியம்மா போட்ட கல் மோதிரத்தை மாட்டிக்கொண்டேன். பிறந்து ஒரு நாளான குழந்தையைத் துடைக்கும்போது கல் உரசி, அதன் தொடையில் முடி கனத்துக்குச் சிவப்பாய் ஒரு கோடு. குழந்தை வீறிட்டது. அந்த மோதிரத்தை அதற்குப் பிறகு வார்டுக்குள் கொண்டுபோனதே இல்லை.

நான் இப்போது வேலை பார்க்கும் இங்கிலாந்தில், மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்ற விதி 2007-ல் அறிவிக்கப்பட்டது. கல் இல்லாத ஒற்றை மோதிரத்துக்கு மட்டும் அனுமதி. இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அதில் புதிதாக இருந்தது கையில் வாட்ச் கட்டக்கூடாது என்பது ஒன்றுதான். மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவ அது தடை என்பதால் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்கிறோம். நம் நர்சிங் பிள்ளைகளுக்கும் இதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளைக் கோட்டு விஷயம் வேறு. மெஸ்ஸில் வடித்த கஞ்சியை வாங்கி, துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு நீலம் விட்டு முக்கி எடுப்போம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ என்ற புயல் அடித்த பிறகு கஞ்சியும் இல்லை, அயர்ன் பண்ண கரண்டும் இல்லை. அடிபம்பில் துவைத்து, மெத்தைக்கு அடியில் மடித்து வைத்துப் போட்டுக்கொண்டோம். திட்டு விழும் என்று பயந்து நின்ற எங்களை மேடம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"துவைச்சதுதானே? கசங்கியிருக்கட்டும், அழுக்கா இருக்கக் கூடாது. போங்க."

அன்று நைட் டியூட்டி. மெழுகுவர்த்தியோடு வார்டில் நடந்தபோது பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். பண்ருட்டிப் பக்கத்துப் பாட்டி, சுவர் சரிந்து கால் முறிந்தவர். சாயங்காலத்திலிருந்து சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

"இருட்டுல யாரு வராங்க போறாங்கன்னே தெரியல. வெள்ளக் கோட்டும் கொண்டையும் தெரிஞ்சிச்சி. நர்சுப் புள்ளதான்னு கூப்புட்டேன் கண்ணு."

மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்துவிட்டு பெட்பேன் எடுக்க ஓடினேன்.