நன்றாக நின்ற ஏத்தனைப் பிசிஆரில் பார்த்தேன்

களக்காட்டுப் பக்கம் எங்கள் வயலில் ஏத்தன் வாழைதான். போன வருஷம் ஒரு மூட்டில் இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக விறைத்து நின்றன. முடிக்கொத்து நோய், அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய். இலைக்காம்பை வெயிலில் பிடித்துப் பார்த்தால் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அதைப் பார்த்தபின் ஆய்வகமே தேவையில்லை. என் கவலையெல்லாம் பக்கத்து மூடுகளைப் பற்றித்தான். அடுத்த நடவுக்கு அப்பா அவற்றில்தான் கன்று பெயர்ப்பதாக இருந்தார்.

"நல்லாத்தானல நிக்கி, இதுல என்னத்தப் பாக்கப் போற?"

"அசுவினி கடிச்சுட்டுப் போனா நோய் தெரிய மூணு நாலு வாரம் ஆகும்ப்பா. அதுக்குள்ள கன்னுலயும் இறங்கிரும்."

நான் பயிர் நோயியல் முதுகலை படிக்கிறேன். வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு ஆறு மூடுகளில், குருத்தை ஒட்டிய இலையின் நடுநரம்பையும் காம்பையும் வெட்டி, தனித்தனிப் பையில் எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ் ஏறினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஒன்றின் சாறு இன்னொன்றில் பட்டால் பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் சோதனை, அதையும் பெருக்கிக் காட்டிவிடும்.

டிஎன்ஏ பிரிப்பதில்தான் வாழை படுத்தியது. 100 மில்லிகிராம் திசுவை அரைத்த சில நிமிஷத்தில் கரைசல் டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. வாழையில் பாலிபீனாலும் பிசுபிசுப்பான பாலிசாக்கரைடும் நிறைய. அவை டிஎன்ஏவோடு சேர்ந்துவந்து, பிசிஆரில் பெருக்கும் நொதியை முடக்கிவிடும். பெருக்கியதை ஜெல்லின் குழிகளில் விட்டு ஓட்டினால், வைரஸ் டிஎன்ஏ இருக்கும் குழிக்கு நேரே ஒரு பட்டை தெரிய வேண்டும். முதல் ஜெல்லில் ஒரு பட்டைகூட இல்லை. பதறிப்போய்ப் பார்த்தேன், நோய் முற்றிய வாழையின் குழியும் காலி! நல்ல வேளை, அதையும் கூடவே ஓட்டியிருந்தேன். இல்லையென்றால் "எல்லாம் சுத்தம்" என்று அப்பாவிடம் சொல்லியிருப்பேன். நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. பட்டை வரவில்லை என்பதற்கும் வைரஸ் இல்லை என்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

மறுபடி அரைத்தேன். இந்த முறை டிஎன்ஏ பிரிக்கும் சிடாப் கரைசலில், பாலிபீனாலை அடக்கும் பிவிபியும் மெர்காப்டோ எத்தனாலும் கூடுதலாகச் சேர்த்து, 65 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, குளோரோஃபார்மால் இரண்டு தடவை கழுவினேன். கிடைத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டேன். இந்த வைரஸின் மரபுப்பொருள் சின்னச் சின்ன டிஎன்ஏ வளையங்கள், குறைந்தது ஆறு. அதனால் நேராகப் பிசிஆரில் போடலாம். வெள்ளரித் தேமல் வைரஸ் போன்ற ஆர்என்ஏ வைரஸ் என்றால் முதலில் அதை டிஎன்ஏவாக மாற்றிக்கொள்ள வேண்டும். 94 டிகிரியில் இழை பிரிந்து, பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டு ஒட்டி, 72 டிகிரியில் வளர்ந்து, 35 சுற்று.

புற ஊதா வெளிச்சத்தில் நோய் வாழையின் பட்டை பளிச்சென்று நின்றது. வெறும் தண்ணீர் போட்ட குழி காலி, கலப்பு எதுவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் நான்காம் எண். மெலிந்த பட்டை, ஆனால் சரியான உயரத்தில். வயலிலேயே தளதளவென்று நின்ற மூடு அது. சந்தேகம் தீர, அதே மூட்டில் புதிதாக இலை எடுத்து இன்னொரு தடவை ஓட்டினேன். அதே இடத்தில் பட்டை.

அப்பாவுக்கு போனில் ஜெல் படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. "அதுல நாலு கன்னு இருக்குல," என்றார். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்லுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது அது பக்கத்து வாழைக்குப் போய்விடும் என்று சொன்னேன். சனிக்கிழமை நான் போனபோது நோய் முற்றியதையும் நான்காம் எண்ணையும், இரண்டு மூடுகளையும் கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக நறுக்கிப் போட்டிருந்தார்.