தலையைக் காட்டச் சொல்வதற்கு முன்

தோல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருப்பதால் முடி கொட்டும் குழந்தைகளை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே வந்ததும் பெற்றோர்தான் பேசுவார்கள். எப்போது ஆரம்பித்தது, என்னென்ன தடவினோம், யார் யார் என்ன சொன்னார்கள் என்று மூச்சுவிடாமல் போகும். குழந்தை தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்க்கும். பேச்சின் முடிவில் "இதோ பாருங்க சிஸ்டர்" என்று யாராவது தொப்பியைச் சட்டென்று பிடுங்குவார்கள். அந்த நொடி வராமல் பார்த்துக்கொள்வதே என் வேலையில் பாதி.

"நீயே கழட்டுறியா, இல்ல அப்புறம் பார்க்கலாமா?" என்று குழந்தையிடமே கேட்பேன். அநேகமாகக் கழற்றிவிடுவார்கள். சிலர் ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். முதல் நாளுக்கு அதுவும் சரிதான்.

குழந்தைக்கு முடி போகப் பல காரணங்கள் உண்டு. செதில் செதிலாக உதிர்ந்து அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அது மற்றவருக்கு ஒட்டும், களிம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். கடுமையான காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. அதற்குள் காய்ச்சலையே வீட்டில் மறந்திருப்பார்கள். அது பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும். தன் முடியைத் தானே பிடுங்கும் பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. திட்டினால் அது கூடுமே தவிரக் குறையாது.

எங்களிடம் ஆண்டுக்கணக்கில் வந்துபோவது புழுவெட்டு உள்ள குழந்தைகள். உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் வட்ட வட்டமாக, வழவழப்பாக முடி போய்விடும். சிலருக்குத் தலை முழுதும், புருவம், இமை எல்லாமே போகும். இது யாருக்கும் ஒட்டாது. சுத்தக்குறைவால் வருவதும் இல்லை. மயிர்க்கால் அழிந்துபோவதில்லை என்பதால் பல வருடம் கழித்தும் முளைக்கக்கூடும். ஆனால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பையன், எட்டு வயது இருக்கும். தலையை உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தபோது திரையை அவன் பக்கம் திருப்பினேன். ஓரத்தில் வேர்ப்பக்கம் மெலிந்து நுனி தடித்த குட்டி முடிகள், நடுவில் மஞ்சள் புள்ளிகள்.

"இந்தப் புள்ளி எல்லாம் என்ன?"

"முடி வர்ற வாசல்."

"அப்ப இன்னும் மூடலையா?"

மூடவில்லை என்றேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன் அப்புறம் கருவியை அப்பாவின் தலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான்.

"நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்று அம்மாக்கள் கேட்காத நாள் குறைவு. தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதைக் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்டால், தன்னிடம் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் அதன் காதில் விழும். அதனால் குழந்தையை உயரம், எடை பார்க்க அனுப்பிவிட்டுத்தான் பதில் சொல்வேன். இன்னொன்று, "கவலைப்படாதே, கவலைப்பட்டா இன்னும் கொட்டும்" என்பது. இதைவிட மோசமான ஆறுதல் எனக்குத் தெரியவில்லை. முடி போன கவலையோடு, கவலைப்படுகிறோமே என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

மருந்து பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு களிம்பில் தொடங்குவது வழக்கம். ஊசி வலிக்கும் என்பதால் பெரிய பிள்ளைகளுக்கே பெரும்பாலும் போடுவார்கள். கடுமையான புழுவெட்டுக்கு ரிட்லெசிட்டினிப் என்ற மாத்திரையை 12 வயது நிரம்பியவர்களுக்குத் தர 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கும் மருந்து என்பதால் ரத்தப் பரிசோதனை வேண்டும், நிறுத்தினால் மறுபடி கொட்டலாம். மருந்தே வேண்டாம் என்று இருப்பதும் ஒரு முடிவுதான். பெற்றோருக்கு இதை ஏற்பதுதான் கஷ்டம், பிள்ளைகள் சில சமயம் சட்டென்று ஒத்துக்கொள்கிறார்கள்.

விக் விஷயத்திலும் இப்படித்தான். அரிக்கும், வியர்க்கும், ஓடும்போது நழுவும். யாருக்காகப் போடுகிறோம் என்று கேட்டால் சில வீடுகளில் பதில் வர நேரமாகும். விரும்பிப் போட்டுக்கொண்டு அழகாகச் சிரிக்கும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. இமை இல்லாத குழந்தைக்கு விக்கைவிடக் கண்ணாடி முக்கியம், தூசி நேராகக் கண்ணில் விழும். வெறும் தலை வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும்.

பள்ளிக்குப் போகும் முன் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பதில் வேண்டும். நான் வகுப்புத் தோழனாக நடித்து "ஏன் மொட்டை?" என்று கேட்பேன். "என் உடம்பு முடியைத் தள்ளிவிடுது, வலிக்காது, உனக்கு ஒட்டாது" என்று சொல்லிப் பழக்குவோம். ஒரு சிறுமிக்கு இது பிடிக்கவில்லை. "முடி லீவுல போயிருக்கு" என்று மாற்றிக்கொண்டாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஆசிரியர் வகுப்பில் விளக்குவதாக இருந்தால் பிள்ளை சம்மதிக்க வேண்டும். அப்போது வகுப்பில் இருப்பதா வெளியே இருப்பதா என்பதும் அதன் விருப்பம். தொப்பிக்குத் தடை உள்ள பள்ளி என்றால் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

புதிதாக முளைப்பது முதலில் வெள்ளையாக, பூனைமுடிபோல வரும். வீடே கொண்டாடும். அது மறுபடி உதிர்ந்தால் பிள்ளை தோற்றுவிட்டதுபோல எல்லோர் முகமும் வாடும். அதனால் தலையணையில் முடி எண்ணுவதை விடச் சொல்கிறேன். மாதம் ஒரு படம், அதே வெளிச்சம், அதே கோணம், மருத்துவருக்கு அது போதும். படத்தை யார் எடுப்பது, வேறு யாருக்குக் காட்டலாம் என்பதைப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்புவேன்.