சின்னம் கையில் வந்தபோது மிச்சம் இருந்தது 13 நாள்

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வேட்பாளருக்காகப் பத்திரிகை, டிவி பக்கத்து வேலைகளைப் பார்த்தது நான்தான். பதிவு பெற்ற கட்சி, ஆனால் அங்கீகாரம் இல்லை, அதனால் எங்களுக்கென்று நிலையான சின்னமும் இல்லை. முன்மொழிய 10 பேர், 10,000 ரூபாய் டெபாசிட், மனு பரிசீலனை எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. மார்ச் 22 சாயங்காலம் சின்னம் ஒதுக்கினார்கள். ஏப்ரல் 4 இரவு 7 மணியோடு பிரசாரம் முடிவு. இதற்குள் யாருமே பார்த்திராத ஒரு சின்னத்தைத் தொகுதி முழுக்கக் கொண்டுபோக வேண்டும்.

மறுநாளே செய்தியாளர் சந்திப்பு வைத்தோம். நான்கு பேர் வந்தார்கள், ஏரி ஆக்கிரமிப்பு பற்றியும் நெல் கொள்முதல் பற்றியும் ஒரு மணி நேரம் நல்ல கேள்விகளாகக் கேட்டார்கள். அடுத்த நாள் பேப்பரில் ஒரு வரி இல்லை. பெரிய கட்சி வேட்பாளர் டீக்கடையில் டீ ஆற்றிய படம் மட்டும் மூன்று பத்தி அகலத்துக்கு வந்திருந்தது. நிருபர் தம்பியைக் கேட்டால், "நான் அனுப்பிட்டேன்ணே, டெஸ்க்ல எடுத்துட்டாங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் அதற்கடுத்து வந்த போனில்தான். விளம்பரப் பிரிவு ஆள், "பேக்கேஜ் எடுத்துக்கிட்டா தினமும் ஒரு செய்தி வரும் சார்" என்றார். விளம்பரம் என்று போடாமல் செய்தி மாதிரியே போட்டுத் தருவார்களாம். மறுத்துவிட்டோம். உங்களிடம் கேட்டாலும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்துப் போட்ட செய்தி என்று முடிவானால் அந்தத் தொகை வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏறும். உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற எம்.எல்.ஏ., இப்படி வந்த செய்திகளின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011இல் 3 ஆண்டுக்குத் தகுதி நீக்கம் ஆனார்.

தூர்தர்ஷனும் வானொலியும் தேர்தல் நேரத்தில் இலவச நேரம் தருவது அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும். ஆக எங்களுக்கு இருந்த ஒரே வழி உள்ளூர் கேபிளில் 30 விநாடி விளம்பரம். அதற்கு மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம், அதாவது எம்.சி.எம்.சி.யிடம், முன் அனுமதி வாங்க வேண்டும். ஒளிபரப்புக்கு 3 நாள் முன்பே மனு கொடுத்தாக வேண்டும். முதல் நாள் போனேன், விளம்பரத்தில் பேசுவதை எழுத்தில் கொண்டு வாருங்கள் என்றார் அங்கிருந்த எழுத்தர். எழுதிக்கொண்டு போனால் அதில் சான்றொப்பம் இல்லை என்றார். அதையும் வாங்கிக்கொண்டு மூன்றாவது தடவை போனால், கேபிள்காரர் கொடுத்த கடிதத்தில் எத்தனை முறை ஒளிபரப்பு, ஒரு முறைக்கு என்ன ரேட் என்ற விவரம் இல்லையாம். என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்திருக்கலாமே! 13 நாளில் 4 நாள் இப்படியே போனது, இன்று நினைத்தாலும் ஆறவில்லை. நீங்கள் போகும்போது விளம்பரத்தின் 2 பிரதி, சான்றொப்பமிட்ட எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, ஒளிபரப்புச் செலவு விவரம், பணம் காசோலை அல்லது டிடி வழியாகத்தான் தருவோம் என்ற உறுதிமொழி, எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்துக் கொடுங்கள். கொடுத்ததற்குத் தேதி போட்டு ஒப்புகையும் வாங்கிவிடுங்கள். எங்கள் விளம்பரம் கடைசி 4 நாள்தான் ஓடியது.

இதற்கிடையில் ஒரு நாளிதழில் எங்கள் தொகுதி அறிமுகம் வந்தது. மூன்று வேட்பாளர்களுக்குப் படம், அதன் கீழே "மேலும் பலர் போட்டியிடுகின்றனர்". அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு வாரப் பேப்பரை எடுத்து வைத்து, யாருக்கு எவ்வளவு இடம் என்று ஸ்கேலால் அளந்து அட்டவணை போட்டேன். எங்கள் பெயர் வந்தது ஒரே தடவை, அதிலும் இனிஷியல் தப்பு. திட்டாமல், கெஞ்சாமல், அட்டவணையை வைத்து ஆசிரியருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதினேன். எல்லா வேட்பாளர் பெயரையும் சின்னத்தையும் ஒரு தடவையாவது போடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

ஏப்ரல் 3 காலையில் பட்டியல் வந்துவிட்டது. 17 பேரும், சின்னத்தோடு, சரியான இனிஷியலோடு. இரண்டு சுயேச்சை வேட்பாளர்கள் போன் செய்து நன்றி சொன்னார்கள்.

அப்புறம் ஒன்று. பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் போவதாக இருந்தாலும் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், அந்தக் கடித நகல் கேட்பார்கள். நாளிதழ் என்றால் செய்தி வெளியான 2 மாதத்துக்குள் புகார் போக வேண்டும், தமிழ்ச் செய்திக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். போனில் எத்தனை தடவை பேசியிருந்தாலும் அது கணக்கில் வராது. என் அட்டவணையும் கடித நகலும் பத்திரமாக இருக்கிறது, மாதிரிக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.