பேசக்கூடாத நாட்கள்

நவம்பர் 13, 2024
சமாதி இருக்கும் கருவடிக்குப்பம் போகவில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவு நாள். போனால் "ஒரு பாட்டு பாடும்மா" என்பார்கள், நான் பேசக்கூடாது என்று தொண்டையைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கடைசியில் சுவாமிகளுக்கும் பேச்சு போய்விட்டது. பக்கவாதம். அப்படியும் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார். 1922இல் இந்தப் புதுச்சேரியில்தான் முடிந்தது. இன்றைக்குப் பார்த்தா இதெல்லாம் ஞாபகம் வரவேண்டும்?

நவம்பர் 15
வெந்நீர். வெந்நீர். சனியன்.

நவம்பர் 19
நாடகக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் அந்தக் கால நாடகப் பாடகர் கிட்டப்பா படம் போட்டு, "உச்சத்தில் இருக்கும்போதே போனது கொடுப்பினை" என்று எழுதியிருக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர், 1933இல் போய்விட்டார். இருபத்தேழு வயசு. இதில் என்ன கொடுப்பினை? மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் பாடிய ஆள். நாற்பது வயசில் அந்தக் குரல் கொஞ்சம் கனத்து, சுருதிக் கட்டை இறங்கி எப்படி இருந்திருக்கும் என்று கேட்க எனக்கு ஆசை. நமக்குக் கிடைத்ததோ இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். விடிய விடியப் பாடியவரை அதற்குள் அடைத்துவிட்டார்கள்.

ராத்திரி "காயாத கானகத்தே" போட்டுக் கேட்டேன். ஊசி உரசுகிற சத்தத்தைத் தாண்டி மேலே போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

குழுவில் பதில் போடவில்லை. அடித்து அடித்து அழித்தேன்.

நவம்பர் 22
தொண்டையில் எடுத்த துண்டின் ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 24
பங்குனிக்கு வள்ளி வேஷத்துக்கு என்னை விட்டு வேறு ஸ்த்ரீபார்ட் நடிகையைப் பேசிவிட்டார்களாம். ஆர்மோனியப் பெட்டிக்காரர் அண்ணன் வந்து அரை மணி நேரம் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, செருப்பு மாட்டும்போது சொன்னார். தலையாட்டினேன்.

கிட்டப்பாவின் மனைவி, பாடகி கே.பி. சுந்தராம்பாள் அம்மாளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிட்டப்பா போனபோது அம்மாளுக்கு இருபத்தைந்து. கல்யாணம் ஆகி ஆறு வருஷம். அதிலும் சண்டை, பிரிவு, கடிதம். அப்புறம் வெள்ளைப் புடவை. ஆண் நடிகர் யாரோடும் ஜோடி சேர மாட்டேன் என்று சொல்லி, சினிமாவில் நந்தனாராக அவரே ஆண் வேஷம் கட்டினார். 1980 வரைக்கும் இருந்தார். எல்லோரும் கிட்டப்பா செத்ததையே பேசுகிறோம். குடி என்பார் ஒருத்தர், வயிற்று நோய் என்பார் இன்னொருத்தர். அந்த நாற்பத்தேழு வருஷத்தை எந்த மேடையில் பேசுகிறோம்?

நவம்பர் 27
சிலேட்டில் "உப்பு கம்மி" என்று எழுதிக் காட்டினேன். "நீ பேசாம இருந்தாதான் வீடு நல்லா இருக்கு" என்கிறார் அத்தை. சிரிக்கவும் கூடாதாம், தொண்டை அதிரும்.

நவம்பர் 30
புயல். ஜன்னல் கொக்கி பிய்ந்துவிட்டது. கத்தி யாரையும் கூப்பிட முடியாது, சொம்பை எடுத்துத் தரையில் தட்டினேன்.

டிசம்பர் 1
கிட்டத்தட்ட ஐம்பது சென்டிமீட்டர் மழையாம். கரண்ட் இல்லை. ரெயின்போ நகரில் இடுப்பளவு தண்ணீர் என்கிறார்கள். லேப் அந்தப் பக்கம்தான். என்னிடமிருந்து எடுத்த துண்டு எந்தத் தட்டில் இருக்கிறதோ, நனைந்ததோ, வேறு யார் பெயர் ஒட்டிக்கொண்டதோ.

டிசம்பர் 2
கிட்டப்பா நினைவு நாள். போனில் சார்ஜ் இல்லை, பாட்டும் இல்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் கொஞ்சம் ஏற்றியதும் முதல் கால் கடலூர் அக்கா. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை தெருவுக்குள் வந்துவிட்டது, மாடியில் இருக்கிறோம் என்றாள். "ஏதாவது பேசுடி" என்று அழுதாள். "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" எப்படி இருந்தது என்று சாயங்காலம் வரைக்கும் அதே யோசனை. கரகரப்புத்தான். சுருதியில் இருந்ததா?

டிசம்பர் 4
லேப் திறந்துவிட்டது. சாம்பிள் பத்திரமாம்.

டிசம்பர் 5
போன் வந்தது. வீட்டுக்காரர்தான் எடுத்தார். ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட ஒருத்தரை அழைத்து வரச் சொன்னார்களா என்று சிலேட்டில் கேட்டேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார்.