கோத்தகிரிப் பசும்பாலும் சிலோன்காரப் பிள்ளைகளும்

இலங்கையில் அட்டன் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) மாடு வளர்த்தவர் ஒருவருமில்லை. பால் என்றால் பால்மாதான், அதாவது பால்பவுடர். எங்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தோம். பெரட்டு (காலை ஆள்கணக்கு), கொழுந்துக்கூடை, குளிர் எல்லாம் அங்கே போலவே. பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து) காலையில் வந்த கறந்த பால்தான் புதுசு.

மாமிக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். மூன்று மாதப் பிள்ளைக்கும் பாதித் தண்ணீர் கலந்து, சீனி போட்டுப் புகட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேறுகால லீவு அப்போது பன்னிரண்டு வாரம். அதற்குப் பிறகு பிள்ளை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்), தாய் மலையில். பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டத்தில் உண்டு. கொழுந்தெடுக்கும் மலை தூரம் என்றால் இடைவேளை நடையிலேயே தீர்ந்துவிடும்.

மலையில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் பால் சரியாகக் காய்வதில்லை என்று இங்கே சிலர் பயமுறுத்துவார்கள். பாஸ்டரைஸ் செய்ய 72 டிகிரியில் 15 வினாடி போதும். பொங்கக் காய்ச்சினால் காசநோய்க் கிருமியும் புருசெல்லா கிருமியும் செத்துப்போகும். பச்சைப்பால்தான் ஆபத்து.

காய்ச்சியும் தீராத சங்கதி வேறு. பசும்பாலில் இரும்புச்சத்து சொற்பம், இருப்பதும் உடம்பில் ஒட்டாது. சில கைக்குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். பிள்ளை வெளுத்துப்போவது இதனாலும்தான். புரதம் தாய்ப்பாலைப்போல மூன்று மடங்கு, உப்பும் அதிகம். பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது பாரம். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும். தண்ணீர் கலந்தால் பாரம் குறையும், பிள்ளையின் பசி ஆறாது.

டின் பாலுக்கு, அதாவது டின்னில் வரும் கைக்குழந்தைப் பால்பவுடருக்கு, ஓடவும் எனக்கு மனசில்லை. விலையைப் பார்த்து ஒரு கரண்டி குறைத்துக் கலக்கும் வீடுகளை எத்தனையோ கண்டிருக்கிறேன். அதுவும் அரைப்பட்டினிதான்.

2017க்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பேறுகால லீவு 26 வாரம். என் மருமகளுக்கு அது கிடைத்தது. ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட இல்லை. இப்போது வேலைக்குப் போகுமுன் கிண்ணத்தில் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகிறாள். இந்தக் குளிரில் நான்கு மணி நேரம் கெடாது. நான் சங்கில் புகட்டுகிறேன். கூடவே ராகிக்கூழ், மசித்த கீரை, முட்டை, ஈரல்.

தாய்ப்பாலே இல்லாத வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட 6 முதல் 11 மாதப் பிள்ளைக்கு டின் பாலோ மாட்டுப்பாலோ கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். மாட்டுப்பால்தான் என்றால் இரும்புச்சத்துக்கு வேறு வழி பார்த்தே ஆகவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டு டின் பால்தான், டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி.

ஒரு வயது தாண்டினால் பசும்பால் தாராளமாகக் கொடுக்கலாம், நாளுக்கு அரை லிட்டர் வரை. அதற்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்து சோறும் கீரையும் உள்ளே இறங்காது.