மூன்றாம் முயற்சியில் பழுத்த கிளாரிநெர்வியம்

நேற்றுக் காலை, வெல்வெட் இலைகளுக்காக வளர்க்கப்படும் என் ஆந்தூரியம் கிளாரிநெர்வியம் செடியின் பூங்கதிரிலிருந்து முதல் ஆரஞ்சு நிறப் பழம் பிதுங்கி வெளிவந்து, மெல்லிய நாரில் தொங்கிக்கொண்டிருந்தது. மகரந்தம் தடவி ஏழு மாதங்கள் ஆகின்றன. இதற்கு முந்தைய இரு கதிர்களும் காய்க்காமலே வாடிப்போயின.

இதில் கடினமான கட்டம் மகரந்தச் சேர்க்கைதான். பெண் பருவத்தில் சூல்முடிகளில் பனித்துளிபோல ஈரம் கசியும் சில நாள்களில் மட்டுமே கதிர் மகரந்தம் ஏற்கும். அந்த ஈரம் காய்ந்த பிறகுதான் அதே கதிர் தன் மகரந்தத்தை வெளியிடுகிறது. எனவே ஒரு கதிரின் மகரந்தத்தை அடுத்த கதிருக்காகச் சேமித்துவைக்க வேண்டும். முதல் முறை ஈரம் கசிந்த நாள்களைத் தவறவிட்டேன். இரண்டாம் முறை பிளாஸ்டிக் உறையில் உறைபெட்டியில் வைத்த மகரந்தம் ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டது. இம்முறை பட்டர் பேப்பரில் மடித்து, சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிய டப்பாவில் வைத்தேன். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை அரைமணி நேரம் காத்திருந்தேன். தூரிகை பாதி மகரந்தத்தைத் தானே விழுங்கிவிடுவதால் விரல்நுனியாலேயே தடவினேன். கதிர் அடியிலிருந்து நுனி நோக்கிப் பக்குவமடைவதால் தொடர்ந்து ஆறு காலைகள் தடவ வேண்டியிருந்தது.

2021இல் ஒரே தொட்டியுடன் தொடங்கிய என்னிடம் இன்று 43 ஆராய்டுகள், அதாவது சேனை, சேம்புக் குடும்பத்துச் செடிகள், இருக்கின்றன. செம்பு நிறத்தில் துவண்டு வரும் தளிர், வாரக்கணக்கில் தடித்து, கரும்பச்சை வெல்வெட்டில் வெண்ணரம்புகள் ஓடும் இலையாக மாறுவதை ஒருமுறை கண்டவருக்கு அடுத்த தளிரைக் காணாமல் இருக்க முடியாது. அந்தத் தளிருக்குக் காத்திருக்கும்போதே இன்னொரு செடி வாங்கத் தோன்றிவிடுகிறது.

அப்படி வாங்கிய கிரிஸ்டலினம் என்ற இன்னொரு ஆந்தூரிய இனச் செடி ஒன்றை, சென்ற ஏப்ரலில் ஒரு விற்பனையாளர் நனைந்த பாசியில் காற்றுப்புகாமல் கட்டி அனுப்பியதால், நான்கு நாள் பயணத்தில் அதன் குருத்து அழுகிவிட்டது. பிறகு திருச்சூர்ப் பக்கம் வீட்டிலேயே செடி வளர்க்கும் ஒருவர், லேசாக ஈரமாக்கிய தேங்காய் நாரில் வேரைச் சுற்றி, துளையிட்ட பெட்டியில் அனுப்பிய செடி ஓர் இலைகூட வாடாமல் வந்து சேர்ந்தது. அது பூத்ததும் அதன் மகரந்தத்தைக் கிளாரிநெர்வியத்துடன் கலக்கப் போகிறேன்.

இன்று காலைவரை உதிர்ந்த ஐந்து பழங்களில் எட்டு விதைகள் கிடைத்தன. சேனை நறுக்கும்போது கையை அரிக்கச் செய்யும் அதே கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இந்தக் குடும்பம் முழுவதிலும் இருப்பதால் கையுறை அணிந்தே பிதுக்கினேன். சதை சிறிது ஒட்டியிருந்தாலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மூன்று முறை கழுவி, காயவிடாமல் உடனே ஈரமான ஸ்பேக்னம் பாசியின் மேல் பரப்பி மூடிவைத்தேன். முளைத்த பிறகு, மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் இனம் இது என்பதால், தேங்காய் மட்டைத் துண்டுகளும் கரியும் பெர்லைட் என்ற இலேசான வெண்கல் துகள்களும் கலந்த, நீர் தேங்காத கலவைக்கு மாற்றுவேன். கதிரின் மேற்பாதியில் பதினைந்து காய்கள் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன.